கப்பலுக்கு முன் மூன்று நாள், பின் இரண்டு நாள்

கோதன்பர்க், பிப்ரவரி 10, 2005

அன்பு அக்கா ஃபரங்கீஸுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்கும் நேரத்தில் இந்தக் கடிதம் வந்து சேரட்டும். இங்கே நானும் கெர்ஸ்டினும் பிள்ளைகளும் நலம். ஏலினுக்கு ஒன்பது வயது முடிந்தது. ஆராஷுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் அசல் நம் அப்பாதான்.

வெள்ளிக்கிழமைத் தொலைபேசியில் எதையும் உருப்படியாகப் பேச முடிவதில்லை. அம்மா ரிசீவரைப் பிடித்ததும் அழத் தொடங்கிவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். இந்த ஜூலையில் நாம் எல்லாரும் இஸ்தான்புல்லில் சந்திக்கிறோம். ராணுவச் சேவைக்கு டிமிக்கி கொடுத்து ஓடியவன் நான், ஊருக்கு வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கோ துருக்கிக்கு விசா வேண்டாம். பத்தொன்பது வருடமாக இது ஏன் தோன்றவில்லை என்று மட்டும் கேட்காதே.

ஒரு கப்பல் பார்த்து வைத்திருக்கிறேன். ஜூலை 9, சனிக்கிழமை மாலை இஸ்தான்புல்லில் கிளம்பி, கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவிட்டு 16ஆம் தேதி காலை அங்கேயே திரும்பும். கப்பலுக்கு முன் மூன்று நாள், பின் இரண்டு நாள் ஊரில் தங்குவோம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அதற்குத்தான் முன் மூன்று நாள். பின் இரண்டு நாள் துணி துவைக்கவும் மூச்சு விடவும். நீயும் அம்மாவும் கப்பலில் ஓர் அறை, நாங்கள் நாலு பேரும் ஓர் அறை. அம்மா மேல்தட்டில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நினைத்தால் எனக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

பாஸ்போர்ட் நகல்களை உடனே அனுப்பு. அம்மாவின் கைகளுக்கு முத்தம்.

உன் தம்பி
ஹூஷங்


தப்ரீஸ், மார்ச் 1

ஹூஷங் ஜான்,

என் உயிரே, உன் வீட்டில் எல்லாரும் நலமென்று அறிந்து நெஞ்சு குளிர்ந்தது. நாங்களும் இருக்கிறோம். பனி இன்னும் விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள், அதில்தான் இதை எழுத நேரம் கிடைத்தது.

உன் கடிதத்தை அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னாள். நாலாவது முறை நானே மறுத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் என்ன சொல்லி வைத்தாளோ, நீ கப்பல் வாங்கிவிட்டாய் என்று தெரு முழுக்கப் பேச்சு.

கப்பல் உங்களுக்கே இருக்கட்டும். நாங்கள் ஊரில் ஒரு வீடெடுத்துத் தங்குகிறோம், நீங்கள் போய்வாருங்கள். முடிந்தால் முன்னால் இன்னும் நாலைந்து நாள் சேர்த்துக்கொள். ஹோட்டல் வேண்டாம், வீடு பார். தரைத்தளமாக இருக்கட்டும், ஒரு படிகூட இருக்கக் கூடாது. பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா என்றும் விசாரி. பொதுவாகத்தான் கேட்கிறேன், வயதானவளை அழைத்து வருகிறேன் இல்லையா.

அம்மா சொல்லச் சொன்னது: "பிள்ளைங்க காலுக்கு உறை போட்டு விடு. அவங்களோட நோவெல்லாம் எனக்கே வரட்டும்."

உன் அக்கா
ஃபரங்கீஸ்


கோதன்பர்க், மார்ச் 21

அக்கா,

உனக்கும் அம்மாவுக்கும் நம் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே வழக்கப்படி மேசையில் ஏழு பொருள் வைத்தோம். அவற்றில் ஆப்பிளை ஆராஷ் தின்றுவிட்டதால் ஆறு.

உன் கடிதத்தைக் கெர்ஸ்டினுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். "அவங்க வேண்டாம்னு சொல்றாங்க, நீ ஏன் சிரிக்கிற?" என்றாள். நம் தாரோஃப் உபசாரம் அவளுக்குப் புரிய இன்னொரு பிறவி வேண்டும். நம் வீட்டில் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லாமல் யார் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தார்கள்? ஸ்வீடன் வந்த முதல் வருடம் நான் பாதிப் பட்டினி. மரியாதைக்காக ஒரு தரம் வேண்டாம் என்பேன், அவர்கள் தட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் இன்னும் அவ்வளவு ஸ்வீடன்காரன் ஆகிவிடவில்லை. அதனால் உன் 'வேண்டாம்' என் காதில் விழவில்லை. கப்பலில் இரண்டு அறையும் பதிவு செய்தாகிவிட்டது.

கப்பல் கிரேக்கத் தீவுகளில் நிற்பதால் உங்களுக்கு அந்த நாட்டு விசா வேண்டும். டெஹ்ரானில் தூதரகத்துக்கு இரண்டு பேரும் நேரில் போக வேண்டுமாம். படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹோட்டலும் பிடித்துவிட்டேன், துறைமுகத்துக்கு மேலே ஐந்தாவது மாடி. பால்கனியிலிருந்து நம் கப்பலே தெரியும்.

அம்மாவின் கண்களுக்கு முத்தம்.

ஹூஷங்


தப்ரீஸ், ஏப்ரல் 15

ஹூஷங் ஜான்,

அனைவரும் நலமா? எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எங்களுக்குக் கப்பல் வேண்டாம். டெஹ்ரானுக்குப் போய் வெயிலில் வரிசையில் நிற்பது அம்மாவால் ஆகாது. ஐந்தாவது மாடியும் ஆகாது. அந்த ஏழு நாளில் பாதியையாவது ஊரில் எங்களோடு இருக்க முடியாதா? குட்டிக் கப்பல் எதுவும் இல்லையா, மூன்று நாளில் திரும்புவது மாதிரி? நீ கணக்குப் போட்டுப் பார். பன்னிரண்டு நாளில் ஐந்து நாள்தான் அம்மாவுக்கு.

பயணத்துக்காக அம்மா சாம்பல் நிறத்தில் ஓர் உடுப்பு தைத்திருக்கிறாள். தைத்த பிறகு இரண்டு முறை பிடித்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. தையல்காரருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று அவரைத் திட்டுகிறாள்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

ஃபரங்கீஸ்


கோதன்பர்க், ஏப்ரல் 29

அக்கா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்குப் புரியவில்லை. தாரோஃப் இல்லையென்றால் இது என்ன? பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு மகன் கூப்பிடுகிறான், கப்பலும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம், நாளும் போதாது. எல்லாவற்றிலும் ஒரு குற்றம். நாலு வருடத்துக்கு முன் அப்பாவை நீ தனியாக அடக்கம் செய்தாய். நான் வரவில்லை, வர முடியவில்லை. அந்தக் கோபம் என்றால் அதையே நேராக எழுது.

அறைகளை ரத்து செய்ய மே மாதக் கடைசி வரைதான் நேரம். விசா என்ன ஆயிற்று என்று ஒரே வரியில் பதில் போடு.

ஹூஷங்


தப்ரீஸ், மே 12
(அலுவலக முகவரிக்கு)

ஹூஷங்,

இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் இதற்குப் பள்ளிக்கூட முகவரிக்கே பதில் எழுது. உன் போன கடிதத்தில் பாதியை விழுங்கிவிட்டு, நானாக நாலு வரி சேர்த்துத்தான் அவளுக்குப் படித்தேன்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். ஜனவரியில் தெரிந்தது. அறுத்து எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது. இலையுதிர் காலம் வரை என்கிறார் டாக்டர், அதையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். விசாவுக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை.

இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல. அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். "அவன் என்னைப் பாக்க வரணும். செத்துப் போறவளைப் பாக்க வரக் கூடாது. அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா நான் விமானத்துல ஏறமாட்டேன்" என்றாள். நீ அவளைப் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆனாலும், சொன்னதைச் செய்கிறவள் என்பதை மறந்திருக்க மாட்டாய்.

ஆகவே நீ கப்பலை ரத்து செய்யவும் கூடாது. செய்தால் உனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த நிமிடமே கண்டுகொள்வாள். எங்கள் அறையை மட்டும் விட்டுவிடு, விசா மறுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த ஐந்து நாளாவது அவளுக்குக் கிடைக்கட்டும். சத்தியத்தை மீறியதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு வரட்டும்.

ஃபரங்கீஸ்


கோதன்பர்க், ஜூன் 8
(பள்ளிக்கூட முகவரிக்கு)

அக்கா,

மூன்று வாரமாக உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். தினமும் பதில் எழுத உட்காருவேன். தேதியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவிடம் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பல் உங்களுக்காக இல்லை, எனக்காக. பத்தொன்பது வயதில், "ஊர்மியா நகரத்துல நண்பனுக்குக் கல்யாணம், வெள்ளிக்கிழமை வந்துடுவேன்" என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மலையும் எல்லையும் தாண்டியவன் நான். வழியில் தின்ன அவித்த முட்டை கட்டிக் கொடுத்தாள். துருக்கிக்கு வரச் சொல்லிச் சந்திக்கலாம் என்பது எனக்கு முதல் வருடமே தோன்றியது. அவள் எதிரே ஒரு அறையில், பேச வேறெதுவும் இல்லாமல் பத்து நாள் உட்கார்ந்திருக்கப் பயந்தேன். கப்பல் என்றால் கடல் இருக்கும், தீவு இருக்கும், சாப்பாட்டு மணி அடிக்கும். நான் கோழை அக்கா. நீ என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இப்போது ஏழு நாள் அவளை விட்டுவிட்டு எப்படிக் கப்பல் ஏறுவேன்? ஏறாவிட்டால் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு வழி தெரியவில்லை. வீட்டு முகவரிக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன், அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. என் மூஞ்சியை அவள் பார்க்காதவரை நான் நன்றாகவே நடிக்கிறேன்.

ஹூஷங்


கோதன்பர்க், ஜூன் 8
(வீட்டு முகவரிக்கு)

அன்பு அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் சுகம்தானே? விசா கொடுக்காத தூதரகத்துக்காரனுக்குத் தலையில் ஒரு முடிகூட மிஞ்சாமல் போகட்டும். பரவாயில்லை, நாங்கள் போய்விட்டு வந்து படம் காட்டுகிறோம். அம்மாவின் பிடிவாதத்துக்காக ஐந்தாவது மாடியைத் தியாகம் செய்து குர்துலுஷ் பக்கம் தரைத்தளத்தில் வீடு பிடித்திருக்கிறேன். மூன்று அறை, பின்னால் ஓர் அத்திமரம். ஜூலை 3ஆம் தேதிக்கே எனக்கு விடுப்புக் கிடைத்துவிட்டதால் முன் மூன்று நாள் இப்போது ஆறு நாள். கெர்ஸ்டின் இப்போதே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். வெயிலுக்கு மூன்று தொப்பி வாங்கியிருக்கிறாள். நான் போட்டால் காளான் மாதிரி இருக்கிறேனாம்.

அம்மா, வரும்போது உன் கையால் போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில். மறக்காதே.

ஹூஷங்


தப்ரீஸ், ஜூன் 22

ஹூஷங் ஜான்,

எல்லாரும் நலம், நீங்களும் அப்படியே இருங்கள். விமானச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. காளான் என்றதும் அம்மா சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ஊறுகாய் போட்டாயிற்று. கத்தரிக்காயை அவளே நறுக்கினாள், நடுவில் இரண்டு தரம் படுத்து எழுந்தாள்.

இனி வருவது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. ஒரு சொல் மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"ஹூஷங், நீ சந்தோஷமா கப்பல் ஏறிப் போகணும். எனக்கு உன் அக்கா இருக்கா. நாங்க ரெண்டு பேரும் கடைகண்ணி பாத்துக்கிட்டு இருப்போம். பிள்ளைங்க ஆசைப்பட்டது, போ. உன் பொண்டாட்டி மூணு தொப்பி வாங்கிட்டா, போ. என்னை நெனச்சுக்கிட்டு அங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, போ."

எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். 'போ' மூன்று தரமும் வந்திருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

பத்து நாளில் பார்ப்போம், கடவுள் விரும்பினால்.

ஃபரங்கீஸ்


கோதன்பர்க், ஜூலை 28
(பள்ளிக்கூட முகவரிக்கு)

அன்பு அக்கா,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததைத் தொலைபேசியில் கேட்டும் மனம் ஆறவில்லை. அம்மா சாப்பிடுகிறாளா? வலிக்கு ஊசி போடுகிறார்களா? ஒளிக்காமல் எழுது.

உன்னிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் முகம் உடனே காட்டிக் கொடுத்துவிடும், அதனால்தான் சொல்லவில்லை. என் பாஸ்போர்ட் தொலையவில்லை. நான்தான் ஒளித்துவைத்தேன்.

கப்பல் கிளம்பும் அன்று காலை, நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் கரண்டி இழுப்பறையில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன். கெர்ஸ்டினுக்கு மட்டும் தெரியும். பெட்டிகளையெல்லாம் கூடத்தில் கொட்டித் தேடினோமே, அவளும் முழங்கால் போட்டுத் தேடினாளே, அவ்வளவும் நாடகம். "முப்பத்தெட்டு வயசுக் கழுதை, ஒரு புத்தகத்தப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல" என்று அம்மா கத்தியதில் அத்திமரத்துக் குருவியெல்லாம் பறந்தது. கெர்ஸ்டினையும் பிள்ளைகளையும் துறைமுகத்தில் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக்குள் கிடைத்தால், துருக்கிக்குள்ளேயே கப்பல் நிற்கும் குஷாடாசி துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று கப்பல் அலுவலகத்தில் சொன்னதை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

அந்த ஏழு நாளில் அவள் என்னைத் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை. தர்ப்பூசணிக்காரனிடம் நம் தப்ரீஸ் துருக்கி மொழியில் சண்டை போட்டாளே, அவன் பாதி புரிந்து பாதி விழித்தானே, அவனிடம்கூட என்னைக் காட்டி, "இவன் என் பிள்ளை, பாஸ்போர்ட்டத் தொலைச்சவன்" என்றுதான் அறிமுகம் செய்தாள். எனக்கு அதைவிட இன்பம் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை.

புதன்கிழமை நீ கடைக்குப் போயிருந்தாய். நான் அவள் காலடியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "ஊர்மியால கல்யாணம் நல்லா நடந்துச்சா?" நல்லா நடந்துச்சும்மா என்றேன். "முட்டைய சாப்பிட்டியா, இல்ல எவனுக்காவது குடுத்துட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு பீன்ஸை என் கையிலிருந்து வாங்கி, நார் சரியாக எடுக்கவில்லை என்று திட்டினாள். பத்தொன்பது வருடம் பயந்த கேள்வி அக்கா, இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. 18ஆம் தேதி, கிளம்பும் நாள், கிடைத்துவிட்டது என்று நடிக்கலாமென இழுப்பறையைத் திறந்தேன். காகிதத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. விமானம் இரண்டு மணிக்கு. கரண்டிகளையெல்லாம் கொட்டி, இந்த முறை உண்மையாகவே தேடினேன். அப்போது அம்மா சோபாவிலிருந்து, "மாவு டப்பாவுக்குப் பின்னாடி பாத்தியா?" என்றாள். அங்கேதான் இருந்தது. நான் அங்கே வைக்கவில்லை. நீ கண்டெடுத்து மாற்றி வைத்தாயா? நீதான் என்றால், ஏழு நாளும் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நன்றி.

ஹூஷங்


தப்ரீஸ், ஆகஸ்ட் 20

ஹூஷங் ஜான்,

நீயும் உன் வீடும் நலமாக இருங்கள். நீ கேட்டபடி ஒளிக்காமல் எழுதுகிறேன். அம்மா இப்போது கஞ்சித் தண்ணீரும் பேரீச்சம்பழமும்தான். ஊசி தினமும் இரண்டு. ஆனால் தெளிவாகப் பேசுகிறாள், உன்னைப் போலவே பேசிக் காட்டி என்னைச் சிரிக்கவைக்கிறாள்.

பாஸ்போர்ட்டை நான் தொடவில்லை. அது தொலைந்தது என்று உன் கடிதம் வரும்வரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். சோபாக்களைக் கவிழ்த்ததில் என் முதுகு பிடித்துக்கொண்டது, அந்தக் கணக்கை உன்னிடம் தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை அவளுக்குக் கால் பிடித்துவிட்டபடி, ஏதோ நினைவு வந்தவள் மாதிரி, மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ ரொட்டி வாங்கப் போயிருந்தாயாம். பெரிய கரண்டி தேடி இழுப்பறையில் கை விட்டவளுக்குக் காகிதத்துக்கு அடியில் பாஸ்போர்ட் தட்டுப்பட்டிருக்கிறது. உன் கையிலிருந்து நழுவி எப்படியோ அங்கே சிக்கிக்கொண்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறாள். குஷாடாசிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. எடுத்து உள்பாவாடை நாடாவில் முடிந்து வைத்துக்கொண்டாள். அன்றும் மறுநாளும் உன்னைக் கழுதை என்றும் துப்பில்லாதவன் என்றும் திட்டியது அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான். குஷாடாசி தாண்டிய பிறகுதான் அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினாளாம். அந்தத் திங்கட்கிழமை அவள் என்னிடம் பத்து முறை மணி கேட்டது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

கெர்ஸ்டினை நினைத்து வெட்கப்படுகிறாள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பெண் கப்பலில் என்ன பாடு பட்டாளோ என்று புலம்பினாள். உன்னிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது என்று என்னிடம் மறுபடி சத்தியம் வாங்கியிருக்கிறாள். எனக்கு இனி எத்தனை சத்தியம் மீறினாலும் ஒரே தண்டனைதான்.

நீ ஒளித்துவைத்ததை அவளிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தான் உன்னைத் திருடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, நடு நடுவே தனியாகச் சிரித்துக்கொள்கிறாள். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால் எதற்காக மூன்று தரம் அவனைப் போ போ என்று எழுதச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவன் சின்னப் பையனா ஊர விட்டுப் போனவன், போன்னா போயிடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஃபரங்கீஸ், நான் என் வாழ்நாள்ல யார்கிட்டயும் வாயத் தொறந்து எதையும் கேட்டதில்ல. இதையும் கேக்கல. எடுத்துக்கிட்டேன்."

உன் அக்கா
ஃபரங்கீஸ்